பதினைந்து பங்கு தண்ணீர்

ஆகஸ்ட் ஒன்பது, காலை ஒன்பது பத்து. கிருஷ்ணகிரி செல்லும் பேருந்து சிங்காரப்பேட்டையை விட்டுப் புறப்பட்டதும், எனக்கு முன் இருக்கையிலிருந்த விவசாயி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம் மனைவியின் தம்பியிடம் கேட்டார்.

“வீட்லயே டிராக்டருக்கு ஒரு டப்பா ஆயில் இருந்துச்சே மச்சான், எதுக்கு மறுபடி வாங்கணும்ங்கற?”

“திட்டாதீங்க மாமா. நேத்து அதுல தண்ணி கலந்துட்டேன்.”

அவர் முழுதாகத் திரும்பினார்.

“தண்ணியா?”

“டப்பாவுல 15W-40ன்னு போட்டிருந்துச்சு. பதினஞ்சு பங்கு வாட்டர், நாப்பது பங்கு ஆயில்னு நெனச்சேன். ஓசூர்ல எங்க கம்பெனி மிஷின் சூடாகாம இருக்க ஊத்தற கூலண்ட் ஆயில தண்ணியிலதான் கலப்போம்.”

“புது டிராக்டர்டா! எஞ்சின்ல ஊத்திட்டியா? அத மட்டும் சொல்லு.”

“இல்ல மாமா. பக்கெட்ல எவ்ளோ கலக்கியும் சேரல. எங்க கூலண்ட்டுன்னா பால் மாதிரி ஆயிடும். இது மேலயே மெதந்துச்சு. பயந்துபோய் அப்படியே மூடி வெச்சிட்டேன்.”

அவர் கண்களை மூடி, நீண்ட மூச்சு விட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“உன்னவிட அந்த ஆயிலுக்கு அறிவு இருக்குது மச்சான். W-ன்னா விண்டர். குளிர்ல எவ்ளோ இளகி ஓடும்னு சொல்ற நம்பரு அது.”

“அப்ப அதே ஆயில்தான் வாங்கணுமா?”

“அதேதான். நம்ம டிராக்டர் புக்குல அதத்தான் போட்டிருக்கான். டீசல் எஞ்சினுக்குன்னு எழுதியிருக்குதான்னு நான் பாத்துக்கறேன். நீ டப்பாவத் தூக்கிட்டு வந்தாப் போதும்.”

“அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

“சொல்லாம விடுவனா?”

மறுநாள் காலை அந்த W நினைவுக்கு வந்ததும், என் கட்டுரையில் ஊகத்தாலேயே பொருள் எழுதியிருந்த ஒரு பழஞ்சொல்லை அகராதியில் பார்த்தேன். தவறாகத்தான் எழுதியிருந்தேன். நல்லவேளையாக, கட்டுரையை இன்னும் ஒப்படைக்கவில்லை.