வெருகல் முருகனுக்கு வைத்த நேத்தி

மூதூர் போகும் லாஞ்சுப் படகில் ஏறினால் எனக்குக் கடல் காற்றைவிட அடுத்தவர் கதைதான் இனிக்கும். அன்று முன்னால் இரண்டு தாய்மார்.

“மகனுக்குப் பெரிய கம்பனியிலை பிளேன் ஓட்டுற வேலை, அக்கா,” என்றாள் இளையவள்.

“பெரிசெண்டு எப்பிடித் தெரியும்?”

“சின்னக் கம்பனி புதுப் பிளேன் வாங்கினாத்தான் ஆள் எடுக்கும். இதிலை கிழவர் விலக விலக எடுப்பினம். ஒரு கதிரை காலியாகவேணுமெண்டு வெருகல் முருகனுக்கு நேந்தனான்.”

“ஆர் விலகினது? கிழவரோ?”

“இல்லையக்கா. இளம் பெடியன். படுத்தவன் எழும்பேல்லையாம்.”

மூத்தவள் இளையவளின் கையிலிருந்த பூசைத் தட்டைப் பார்த்தாள்.

“இப்ப நேத்திக்கடன் கட்டவோ போறீர்?”

“ஓம். நீங்களும் வெருகலுக்கோ?”

“ஓம் தங்கச்சி. என்ரை மகனும் அந்தக் கம்பனியிலைதான் ஒரு கதிரைக்குக் காத்திருக்கிறான்.”

சொல்லிவிட்டு மூத்தவள் மடியிலிருந்த தேங்காயை மெல்லத் தடவினாள்.