காற்று மறையும் பக்கம்

எனக்குப் பகலில் தூங்கித்தான் பழக்கம், சார். அதனால் இந்த நேரத்தில் பேச்சு கொஞ்சம் மெதுவாக வரும். குழப்பத்தில் பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் தெளிவாகவே ஞாபகம் இருக்கிறது.

முதலில் அசோகனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காலையிலிருந்து ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மழையில் மரம் விழுவது சென்னையில் புதிதில்லை என்று நீங்களே முதலில் சொன்னீர்கள். பிறகு தீயணைப்புக்காரர் ஒருவர் வேர்களைக் காட்டினார். அவை முறிந்திருக்கவில்லை, வெட்டுப்பட்டிருந்தன. வெட்டிய கை அசோகனுடையது. ஆனால் அவர் நான் கை காட்டிய இடத்தில் குழி தோண்டினார், கூலி வாங்கினார், பஸ் ஏறிப் போனார். அவ்வளவுதான் அவருடைய பங்கு.

சாந்தோமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், என் அறையின் ஜன்னலை மறைத்துக்கொண்டு அந்த மகோகனி நின்றது. நான் பிறந்த வருடம் அம்மா வைத்தது. லூயிசா டீச்சர் என்றால் எங்கள் சர்ச் பங்கில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்து மரம் நடும் விழாவில் மிஞ்சிய கன்று ஒன்றைப் பையில் போட்டு எடுத்து வந்தார். இலையைப் பார்த்து வேம்பு என்று நினைத்து நட்டாராம். அது வேறு மரம் என்று தெரிவதற்குள் ஆஸ்வின் மரம் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆஸ்வின் நான்தான்.

காலேஜைப் பாதியில் விட்டேன். துரைப்பாக்கத்தில் ஒரு கால் சென்டரில் ராத்திரி வேலை கிடைத்தது. காலையில் வந்து படுத்தால் என் அறையில் அந்த மரத்தின் இருட்டு தயாராக இருக்கும். இந்த ஊரில் பகலில் தூங்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அம்மா படுத்த படுக்கையான பிறகு கூட இருந்தது நான்தான். அக்கா ரெனிட்டா கல்யாணமாகி அடையாற்றில் இருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து ஆப்பிளோடு வருவாள், ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அம்மா இறந்தது ஒரு பகலில். பகலில் நான் தூங்குவேன். அது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டை அம்மா அக்கா பெயரில் எழுதியிருந்தார். "அவ உன்னப் பாத்துப்பாடா" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

போன வருடக் கடைசியில் அக்கா ஒரு பில்டரோடு வந்தாள். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். நான்கு மாடி. நடுவில் ஒரு பச்சை வட்டம். அதுதான் மரம். அதை வெட்டாமல் கட்டடத்தையே வளைத்து வரைந்திருந்தார்கள். கட்டைக்காக வெட்டி வெட்டி இந்த மரம் அதன் சொந்தக் காடுகளிலேயே அருகிப்போய்விட்டதாம். அக்கா எங்கோ படித்துவிட்டுக் கண் கலங்கச் சொன்னாள். மரத்தடியில் பலகை வைக்கப்போவதாகவும் சொன்னாள்: லூயிசா டீச்சர் நினைவு மரம், அழிந்துவரும் இனம்.

என் அறை இருந்த இடத்தில் கார் நிறுத்தம் போட்டிருந்தது.

"அப்ப நான் எங்க க்கா?"

"உனக்கு நங்கநல்லூர்ல ஒரு ரூம் பாத்திருக்கேன்டா. மெட்ரோ பக்கத்துலயே. தனியா, நிம்மதியா இருக்கலாம்."

"இங்கயே ஒரு மூலைல குடேன்."

"நமக்கு வர்றதே ரெண்டு ஃப்ளாட்டு. பிள்ளைங்களுக்கு வேணாமா? நீ ஒண்டி ஆளு, எங்க இருந்தா என்ன? எப்படியும் தூங்கிட்டுத்தானே இருப்பே."

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பில்டரும் மரியாதைக்குச் சிரித்தார். அம்மா இறந்த அந்தப் பகலைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதுவரை அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நங்கநல்லூர் அறையைப் போய்ப் பார்த்தேன். ஆஞ்சநேயர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல். காலை வெயில் கட்டில் போடும் இடத்தில் நேராக விழுந்தது. நல்ல வெளிச்சம் என்று வீட்டுக்காரர் பெருமைப்பட்டார்.

அந்த வீட்டில் என் பெயர் வைத்த மரத்துக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. அதன் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அதனால் மரம் போனால் கணக்கு நேராகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. இது நியாயமான எண்ணம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மரத்தில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் அடைத்தால் பட்டுப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா? மயிலாப்பூர் குளத்தங்கரைக் கடையில் கட்டிப் பெருங்காயம் வாங்கிவந்து, அடிமரத்தைத் துளைத்து அடைத்து, களிமண் பூசினேன். வீட்டுக்குப் பின்னால் போனாலே ரச வாசனை. "பக்கத்து வீட்ல தினம் விருந்து போல" என்றாள் அக்கா. தவக்காலம் தொடங்கியதும் இலை எல்லாம் கொட்டிவிட்டது. மொட்டை மரத்தைப் பார்த்து அக்கா அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஈஸ்டருக்குள் மரம் முழுக்கச் செந்தளிர். வருடா வருடம் அது அந்த நேரத்தில் இலை உதிர்க்கும் என்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த நேரத்தில் நான் எப்போதும் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். மரமும் என்னை ஏமாற்றிவிட்டது.

மழைக்காலத்துக்கு முன் அக்காவிடம் ஒரு யோசனை சொன்னேன். மரத்தை ஒட்டி ஒரு மழைநீர்க் குழி தோண்டினால் வேருக்குத் தண்ணீர் இறங்கும், கட்டடம் வந்த பிறகும் அந்தக் குழி உதவும். அக்கா என் தோளைத் தட்டினாள். "இப்பத்தான்டா உனக்கு அந்த மரத்து மேல அக்கறை வந்திருக்கு" என்றாள்.

அசோகனைக் கூட்டி வந்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவர். குடிசைகளை அகற்றியபோது பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர். தோண்டும்போது வாய் சும்மா இருக்காது.

"இன்னா நைனா, வூட்ட இடிச்சுட்டு மரத்த வுட்டு வைக்கிறாங்களாமே?"

"ஆமாண்ணே."

"அப்ப மரத்துக்கு எடம் கீது, உனுக்கு இல்ல. எங்களயாவது கவர்மெண்டுகாரன் தூக்கிப் போட்டான். உன்ன யாரு, கூடப் பொறந்ததா? வந்துடு நைனா, எங்க பிளாக்ல ஒரு வூடு காலியாத்தான் கீது. லிஃப்ட்டு மட்டும் ஓடாது." தானே சொல்லித் தானே சிரித்தார்.

கொஞ்சம் ஆழம் போனதும் வேர் வந்தது. என் தொடை கனம்.

"இது வேரா, தண்டவாளமா? கோடாலி மொக்கையாப் பூட்ச்சு. வெட்டணுமா நைனா?"

"வெட்டிடுங்கண்ணே. குழிக்கு இடைஞ்சல்."

அந்தப் பக்கத்தில் வந்த வேர்களை எல்லாம் வெட்டினார். வேர் முனை கறிபோலச் சிவந்திருந்தது. மேலே ஜல்லி கொட்டி மூடினோம். ஐப்பசி மழை வந்தது. குழி நிறைந்தது, இறங்கியது, மறுபடி நிறைந்தது. மண் களியாகிவிட்டது. குழி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஏன் கிழக்குப் பக்கம் தோண்டினாய் என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குத் தனி இடம் கிடைக்கவில்லை. அப்பாவின் குழியிலேயே வைத்தோம். அதனால் அங்கே பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அம்மாவுக்கு என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்து அவர் நட்ட மரத்தடியில் ஏற்றுவோம். அக்காதான் ஏற்றுவாள். நவம்பரில் காற்று கடல் பக்கமிருந்து வரும். மெழுகுவர்த்தி நிற்காது. ஆகவே ஒவ்வொரு வருடமும் அவள் மரத்துக்கு மேற்கே, காற்று மறைவில் நிற்பாள். கிழக்கு வேர் போன மரம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கே தெரிந்தது.

அன்று கல்லறையிலிருந்து ஆட்டோவில் வந்தோம். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. நொச்சிக்குப்பத்தில் நிறுத்தி அக்கா வஞ்சிரம் வாங்கினாள். மதியம் எனக்குப் பிடித்த மாதிரி வறுத்துத் தருவதாகச் சொன்னாள். மீன் பையைப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனாள். படி மரத்துக்குத் தெற்கே ஒதுங்கி இருக்கிறது; நான் அதிலேயே நின்றுகொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால் குழிப் பக்கத்துத் தரை தெரியும். ஒவ்வொரு முறை காற்று தள்ளும்போதும் அந்த மண் மெதுவாக மேலே எழும்பியது. காற்று தணிந்ததும் இறங்கியது. தூங்குகிறவனின் வயிறு போல. அப்போதே கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். கத்தக்கூட வேண்டியதில்லை.

அக்கா தீக்குச்சி கிழித்தாள், அணைந்தது. இன்னொன்று கிழித்தாள், அதுவும் அணைந்தது.

"நிக்க மாட்டேங்குதுடா ஆஸ்வின்."

"மரத்த ஒட்டி நில்லு க்கா. அங்க காத்து மறையும்."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் உள்ள."

நகர்ந்து, முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டு, கையைக் குவித்து ஏற்றினாள். இந்த முறை பற்றிக்கொண்டது. "பாரு, நிக்குது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் தலையாட்டினேன். அடுத்த காற்றுக்கு மண் எழும்பியது. திரும்ப இறங்கவில்லை.

மரத்தைத் துண்டு போட்டவர்களில் ஒருவர் இவ்வளவு நல்ல கட்டையைப் பார்த்ததில்லை என்றார். அக்காவின் சவப்பெட்டியை அதில் செய்ய முடியுமா என்று கேட்டேன். பச்சை மரம், வெடித்துவிடும் என்றார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். என் அக்காவை நான்தான் கொன்றேன். ஆனால் அவளை நான் பிடித்துத் தள்ளவில்லை. அங்கே நில் என்று சொன்னேன், நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.