சாம்பல் போட்டு விளக்கிய வால்வுகள்

ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து முன் சீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் ரேடியோவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் நான்கு கண்ணாடி வால்வில் ஒன்று போய்விட்டதாம். திண்டுக்கல் கடையில் ஒரு பெட்டி நிறையப் பழைய வால்வுகள் கிடக்கின்றனவாம். பொருத்தமானதைப் பொறுக்க நான்கையும் கொண்டுவரச் சொன்னார்களாம். காட்டுவதற்காக, மறுபக்கம் உட்கார்ந்திருந்த மனைவியின் மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தார்.

“என்னடி இது, இம்புட்டுப் பளபளன்னு இருக்கு?”

“சாம்பல் போட்டு விளக்கினேன். அரிக்கேன் கண்ணாடிய தெனமும் அப்படித்தானே விளக்குறேன்?”

“மேல இருந்த நம்பர் எங்க?”

“எந்த நம்பரு?”

“வெள்ளையா எழுதியிருந்துச்சே!”

“அதுவா? சுண்ணாம்புக் கறைன்னு நெனச்சேன். ஈரத்துணி பட்டதுமே போயிருச்சு. உள்ளாற ஒரு கருப்பு இருக்கு பாருங்க, அதுதான் எம்புட்டுத் தேச்சும் போகமாட்டேங்குது.”

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“அடிப்பாவி! அந்த நம்பரைப் பாத்துத்தாண்டி கடைக்காரன் வேற எடுப்பான். எது எந்த ஓட்டையில இருந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாதே!”

“நாலும் ஒண்ணு போலத்தான இருக்கு?”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நம்ம ரேடியோவா இருந்தாக்கூடப் பரவாயில்ல. நான் சரி பண்ணித் தாரேன்னு வாங்கியாந்தது. மணியக்காரர் வீட்டு ரேடியோடி!”

“தெரியும். அதனாலதான் விளக்கினேன். அடுத்த வீட்டுச் சாமானை அழுக்கோடயா திருப்பிக் குடுப்பாக?”