பலகையை மாற்றச் சொன்ன டிரைவர்

மூன்றாம் வகுப்போடு நின்று, மட்டாஞ்சேரியில் இரண்டு கடை பிடித்தவன் நான். எவரையும் லேசில் மெச்சமாட்டேன். தொண்ணூற்றெட்டு வாக்கில் ஒருநாள், தோப்பும்படி பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு குப்பை லாரி டிரைவரும் மனைவியும் இருந்தார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க அவர் கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறார்கள்.

“எழுத்துப் பலகையை மாத்துங்கன்னு டாக்டர்கிட்ட யாராவது கேப்பாங்களா?”

“அதுல உள்ள எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம்டி. நேத்து போயிட்டு வந்த ஜோஸ் சேட்டன் எங்க டிரைவருங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டாரு.”

“அப்படியே ஒப்பிச்சிருக்கலாமே! லைசென்ஸ் போனா வேலையும் போச்சே.”

“பள்ளுருத்தி சந்துல பிள்ளைங்க குறுக்க ஓடுதுங்க. மனப்பாடமா பிரேக்கு போடும்?”

“சரி, மாத்தினாரா?”

“மாத்தினாரு. கடைசி ரெண்டு வரி தெரியல. கண்ணாடி லென்ஸை ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்தாரு, பளிச்சுன்னு ஆயிடுச்சு. கண்ணாடி போட்டு ஓட்டலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு.”

“இப்ப என் மூஞ்சி தெரியுதா?”

“சொட்டு மருந்து விட்டிருக்காங்கல்ல, எல்லாம் மங்கல். சாயங்காலம் சரியாயிடுமாம்.”

அவர்கள் இறங்குமிடம் வந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி கண்டக்டரிடம் சொன்னாள்:

“சேட்டா, கொஞ்சம் நிறுத்துங்க. டிரைவர் இறங்குறாரு!”