பவானி முட்டிக்கு ரெண்டு டாக்டரு

இன்னாம்மா நாயம் இது? ஒரு டாக்டரு வெட்டுன்னாரு, இன்னொரு டாக்டரு வேணான்னுது. புள்ள காலு இன்னா பூசணிக்காயா? குந்து, நீ குந்து. இந்த ஆஸ்பத்திரில பெஞ்சு கெடச்சா வுடக் கூடாது. உம் பொண்ணுக்கும் முட்டியா? பதினொண்ணா வயசு? எம் பொண்ணுக்குப் பன்னெண்டு. அதோ, ஜன்னலாண்ட நெட்டையா நிக்கிது பாரு, அதான் பவானி. கபடி. திருவொத்தியூர்ல எங்க குப்பத்துக்கு வந்து குணசுந்தரி பொண்ணுன்னு கேட்டுப் பாரு. எங்கிட்ட மீன் வாங்க வர்றவங்கூட அவ ரைடப் பத்தித்தான் பேசுவான்.

ஸ்கூல் மேட்ச்சுல திரும்பசொல்ல காலு அங்கியே நின்னுடுச்சு, ஒடம்பு மட்டும் திரும்பிச்சு. முட்டி உள்ள ஜவ்வு ஒண்ணு கீதாமே, கயிறு மாதிரி... அது அறுந்துபோச்சாம். சரி, அறுந்தா கட்டிவுடு! வலை அறுந்தா நாங்க இன்னா ரோசன பண்ணிகினா குந்தினுகீறோம்? இங்க கீற டாக்டரம்மா அரை மணி நேரம் படம் போட்டுக் காட்டுது. வளர்ற புள்ளயாம், எலும்பு நீள்ற எடம் முட்டியாண்டதான் கீதாம். ஜவ்வக் கட்டறதுக்கு அதுல ஓட்ட போட்டா காலு கோணிக்கலாம், ஒரு காலு குட்டையாப் பூடலாமாம். 'முட்டிக்குக் கம்பி வெச்ச பட்ட போடு, எக்சசைஸ் பண்ணு, வளரட்டும், அப்பால பாக்கலாம்'ன்னுது.

கல்மண்டபத்தாண்ட ஒரு பிரைவேட்டு டாக்டரு... அவரு 'காத்துகினு இருந்தா முட்டி வயுக்கி வயுக்கி உள்ள கீற குஷனும் கியிஞ்சிடும், இப்பவே பண்ணு'ன்றாரு. எதுதாங்க சரின்னு கேட்டா, ரெண்டுலயும் ரிஸ்க் கீதாம், நாந்தான் முடிவு பண்ணணுமாம். நான் முடிவு பண்றதுக்கு நீ எதுக்குப்பா படிச்ச? வஞ்சிரம் புதுசா பழசான்னு எங்கிட்ட கேளு. செவுளத் தூக்கிப் பாத்து ஒரே வார்த்தைல சொல்வேன். 'நீங்களே முடிவு பண்ணிக்கங்க'ன்னா எவ வாங்குவா?

எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போனா பத்து நாளு. போன்ல 'நீயே பாத்துக்க'ன்ட்டாரு. ஆம்பள!

சரின்னு பட்ட போட்டோம். எக்சசைஸ்னா இன்னா தெரியுமா? செவுத்துல முதுவ சாச்சிகினு நிக்கறது, கால நீட்டித் தூக்கறது. இதுக்கு ரயிலு ஏறி வரணும்! மூணு மாசம் ஒயுங்கா செஞ்சுது. வீக்கம் போச்சு, நொண்டல, மாடிப்படி ஏறுது. நான் இன்னா நெனப்பேன்? சரியாப் போச்சுன்னுதான நெனப்பேன்! அந்த நேரம் பாத்து ஜில்லா பைனலு வந்துச்சு. கோச்சு வேணான்னாரு. அவருக்கு இன்னா தெரியும், பெத்தவ நானு. ஒரே ஒரு ரைடுதானன்னேன்...

இன்னா அப்டிப் பாக்கற? கம்பி வெச்ச பட்டையோட அம்பயரு உள்ள வுட மாட்டான். நாந்தான் கயட்டினேன். தோ, இந்தக் கையால. 'டாக்டரம்மா திட்டுமேம்மா'ன்னா. 'ஒண்ணியும் ஆவாது, போ'ன்னேன். போனா. ரெண்டு பேரத் தொட்டா. திரும்பினா... டொப்புன்னு ஒரு சத்தம். சுத்தியும் கூவினுகீறாங்க, எங் காதுல அது மட்டுந்தான் வுயுந்துச்சு.

இப்ப குஷனும் கியிஞ்சி உள்ள மடிஞ்சிகிச்சாம். காத்துகினு இருக்கற பேச்சே இல்ல. ரெண்டு டாக்டரும் இப்ப ஒரே பேச்சு பேசறாங்க, பாத்தியா! ஆப்பரேசன். எலும்பு வளர்ற எடத்துல படாம செய்யப் பாக்கறாங்களாம். அப்பால அவ வளந்து முடிக்கற வரைக்கும் ரெண்டு காலையும் அளந்து அளந்து பாக்கணுமாம்.

போன வாரம் டாக்டரம்மா கேட்டுச்சு, 'பட்டய யாரு கயட்டினது?'ன்னு. நான் வாய்க்குள்ள இன்னாவோ மென்னுகினு நிக்கிறேன். இவ சொல்றா, 'நாந்தான் மேடம். அம்மாக்குத் தெரியாது'ன்னு. அது திட்டின திட்டு கீதே... அத்தினியும் தலையக் குனிஞ்சிகினு வாங்கிகினா. வூடு வர்ற வரைக்கும் எம் மூஞ்சியப் பாக்கல. நானும் ரயிலு பூரா டாக்டருங்களத் திட்டிகினே வந்தேன்.

இன்னா... பவானின்னா கூப்டறாங்க? ஏய், நீ வராத, இங்க வந்து குந்து. இந்தாம்மா, இவளக் கொஞ்சம் பாத்துக்க. இன்னிக்கு மொதல்ல நான் மட்டும் போறேன்.