வலது தோள் காலியாக இருந்தது

மஞ்சள் நிறத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, சார்ஜென்ட். முட்டையில் இருக்கலாம். பள்ளிப் பேருந்தில் இருக்கலாம். வெள்ளை ஜெர்சியின் கழுத்தோரம் எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

காபிக்கு நன்றி. குடிக்கவில்லையே என்று தப்பாக நினைக்க வேண்டாம். மூடியில் யாருடைய கட்டைவிரலோ பதிந்திருக்கிறது. டோனட் தின்ற விரல்.

பெயர், எல்மர் கௌப்பி. வயது ஐம்பத்தெட்டு. காப்பர் ஃபால்ஸ் ஸ்டர்ஜன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் இருபத்திரண்டு வருடமாக உடுப்பு என் பொறுப்பு. ஜெர்சியில் பெயரும் எண்ணும் தைப்பேன். ஸ்கேட் கத்திகளைத் தீட்டுவேன். துவைப்பேன். ஆட்டக்காரர்கள் என்னை 'ஊசி' என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஊசி சுத்தமான பொருள்.

நீங்கள் உடுப்பு அறைக்குள் ஆட்டம் முடிந்த பிறகு வந்ததில்லை என்று நினைக்கிறேன். மூச்சை வாயால் இழுக்க வேண்டும். மூக்கால் இழுத்தால் நாற்றம் நாக்கு வரை இறங்கும். தரையில் கால் ரோமம் ஒட்டிய டேப் உருண்டைகள். பெஞ்சுக்கடியில் புகையிலைச் சாற்றைத் துப்பிய தண்ணீர் பாட்டில்கள், மூடி இல்லாமல். எட்டாம் எண் லாஃப்லாம் மூக்கைச் சிந்தி ஜெர்சிக் கையில் துடைப்பான். எப்போதும் வலது கையில். காய்ந்த பிறகு அது நத்தை போன தடம் மாதிரி மின்னும். அதை என் நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் துவைக்கப் போட வேண்டும்.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. சம்பளத்துக்குச் செய்த வேலை. நான் உயிரோடு இருந்தது வேறு இடத்தில்.

எங்களுக்குப் பிடித்த அணிக்கு, அந்த அணி கேட்காமலே, உடுப்பு வரைகிற ஆட்கள் நாங்கள். பெரிய அணி, சின்ன அணி, எதையும் விடுவதில்லை. வரைந்ததை ஒரு இணையதளத்தில் போடுவோம். மற்றவர்கள் பிய்த்து உதறுவார்கள். பத்தொன்பது வருடமாகத் திங்கள்கிழமை தவறாமல் நான் ஒன்று போட்டிருக்கிறேன். அங்கேயும் அருவருப்பு உண்டு. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மங்கிப் போகிற பட்டைகள். கண்ணில் தீ எரியும் மிருகங்கள். ஆனால் அவை நாறுவதில்லை.

எங்கள் அணி வருடா வருடம் ரசிகர்களுக்கு ஒரு போட்டி வைக்கும். ஜெயிக்கிற வரைபடத்தை நிஜமாகவே தைத்து ஒரு ஆட்டத்தில் போடுவார்கள். பதினெட்டு முறை அனுப்பினேன். பதினெட்டு முறையும் வேறு யாரோ. போன வருடம் ஜெயித்தவன் எங்கள் சின்னமான ஸ்டர்ஜன் மீனுக்குத் தோள்சதை வைத்திருந்தான். சார்ஜென்ட், மீனுக்கு. கை முறுக்கிக் காட்டுகிற மீன். அதை இருபது ஜெர்சியிலும் நான்தான் என் கையால் தைத்தேன். இடையில் இரண்டு முறை எழுந்துபோய் வாந்தி எடுத்தேன்.

இந்த வருடம் என்னுடையது ஜெயித்தது.

வெள்ளை. நடுவில் ஒரே ஒரு பச்சைப் பட்டை. மார்பில் மீன், தசையில்லாத மீன், பக்கவாட்டில். கழுத்தில் கயிறு கோக்கிற பழைய பாணி. முதல் ஆட்டத்திலேயே ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேனேஜர் டுஃப்ரேன் என் முதுகில் தட்டினார். "எல்மர், இனிமே சனிக்கிழமை ஆட்டம் பூரா இதுதான்யா" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டேன். அவர் அப்போதுதான் கோழிச் சிறகு தின்றிருந்தார்.

சிக்கல் கழுத்துப் பட்டையில் ஆரம்பித்தது. ஸ்கேட் கத்தி கழுத்தை அறுத்துவிடக் கூடாது என்று எல்லோரும் பட்டை கட்ட வேண்டும். விதி. எங்களிடம் இருந்தவை கறுப்பு.

"வெள்ளை ஜெர்சில கறுப்புப் பட்டை தூக்குக் கயிறு மாதிரி இருக்குய்யா. மேல வெள்ளையா ஏதாச்சும் உறை தச்சுப் போட்டுடு" என்றார் டுஃப்ரேன்.

கறுப்பு உறையைப் பிரித்துவிட்டு வெள்ளை உறை தைத்தேன். அப்போதுதான் அந்த மஞ்சள் தெரிந்தது. வெட்டுத் தாங்கும் துணி அது. பிறவியிலேயே மஞ்சள். சாயம் பிடிக்காது. மூன்று நாள் முயன்று பார்த்தேன். வெள்ளைக்குள்ளிருந்து அது தெரிந்தது, சீழ் வைத்த புண்ணுக்கு மேல் கட்டுப் போட்ட மாதிரி. இருபது கழுத்திலும் சீழ். என் ஜெர்சியின் மேல்.

எடுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இருபது பட்டையிலிருந்தும் மஞ்சள் துணியை உருவி எடுத்தேன். அதே கனத்தில் வெள்ளைக் கம்பளித் துணியை வைத்து மூடித் தைத்தேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இது உங்களுக்குப் புதுச் செய்தி போலிருக்கிறது. நீங்கள் தோளில் தைக்கிற பேட்சைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், பட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

கேப்டன் வேட் ஸ்டெஃபியூக் மட்டும் கண்டுபிடித்தான். பதினேழாம் எண். ஸ்டெஃபி என்பார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஜெர்சியை மடித்துக் கையில் கொடுக்கிற ஒரே ஆள் அவன். மற்றவர்கள் எறிவார்கள்.

"ஊசி, பட்டை லேசா இருக்கே?"

"புது மாதிரித் துணி" என்றேன்.

"தாங்கும்ல?"

"தாங்கும்."

"இல்ல, சும்மாதான் கேட்டேன். டேனாவுக்கு இது அஞ்சாம் மாசம். டிவில ஆட்டத்தைப் பாக்கும்போது கண்ண மூடிக்கிறா. அவகிட்ட நம்பிச் சொல்லணும்ல."

"கேப்டன், அவங்க கண்ண மூடுறது பயத்துல இல்ல" என்று லாஃப்லாம் பெஞ்சிலிருந்து சொன்னான். "உங்க ஆட்டத்தப் பாக்க முடியாம."

"நீ மொதல்ல மூக்கத் தொடைடா, நாயே."

அறையே சிரித்தது. அவன் துடைத்தான். எதில் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டெஃபி என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். "நீ சொன்னா சரிதான், ஊசி." பட்டையைக் கட்டிக்கொண்டு போனான். கட்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து, கயிறு, பட்டை எல்லாம் ஒரே வெள்ளை. அவனுக்குத்தான் மிக நன்றாகப் பொருந்தியது. நீளமான கழுத்து.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நான் திருப்தியாக இருந்தேன். மார்ஜ்தான் கெடுத்தாள்.

மூஸ் ஜா ஊர்க்காரி. பல் செட் செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தளத்தில் அவள் சொல் கடைசிச் சொல். பத்தொன்பது வருடத்தில் என்னை ஒரு முறை பாராட்டியதில்லை. என் ஜெர்சி நிஜ ஆட்டத்தில் ஓடுகிற படங்களைப் போட்டேன். மற்றவர்கள் கொண்டாடினார்கள். மார்ஜ் ஒரே வரி எழுதினாள்.

"வலது தோள் மொட்டையா இருக்கு எல்மர், முன்பல் விழுந்த வாய் மாதிரி."

இடது மார்பில் கேப்டனுக்கான 'C' எழுத்து. இடது தோளில் ஊர்ச் சின்னம். வலது பக்கம் ஒன்றுமில்லை. அவள் சொல்லும் வரை என் கண்ணில் படவில்லை. சொன்ன பிறகு வேறெதுவும் படவில்லை. ஆட்டம் நடக்கும்போது இருபது ஓட்டைப் பல் வாய்கள் பனியில் வழுக்கிக்கொண்டு போயின.

டுஃப்ரேனிடம் கேட்டேன்.

"அங்க ஒண்ணும் தைக்கக் கூடாதுய்யா. லீக் விதி. ஆண்டு விழாவுக்குத் தைக்கலாம், இல்ல யாராச்சும் செத்தா தைக்கலாம். ரெண்டே ரெண்டுதான்."

"அம்பதாவது ஆண்டு எப்ப?"

"இன்னும் ஆறு வருஷம் கெடக்கு. அதுவரைக்கும் நீயும் நானும் இருக்கோமான்னு பாரு, பெருசு." வாயில் மென்ற முட்டை தெரியச் சிரித்தார்.

ஆறு வருடம் நீண்ட காலம்.

வீட்டுக்குப் போய் ஒரு நினைவுப் பேட்ச் வரைந்தேன். வரைவதில் என்ன தப்பு? உயிரோடு இருப்பவர்களுக்கே பத்திரிகை அலுவலகங்களில் இரங்கல் செய்தி தயாராக இருக்குமாம். அது முன்யோசனை, அவ்வளவுதான். பச்சை வட்டம், உள்ளே வெள்ளையில் எண், கீழே மீனின் வால் மட்டும். மெஷினில் ஒன்று தைக்க ஐந்து மணி நேரம். ஜனவரி கடைசியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரையும் தொடக்கூட இல்லை. சனிக்கிழமை தோறும் பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். ஸ்கேட்டுகளைக் கொஞ்சம் கூடுதல் கவனமாகத் தீட்டினேன். நன்றாகத் தீட்டினான் என்று ஒரு தொழிலாளியைக் கைது செய்ய முடியாது.

போன சனிக்கிழமை மதிய ஆட்டம். இரண்டாவது இருபது நிமிடத்தில், மூலையில், மைதானத்தைச் சுற்றிய பலகையோரம் மூன்று பேர் ஒன்றாக விழுந்தார்கள். லாஃப்லாமின் கால் மேலே எழுந்தது. ஸ்டெஃபி முட்டி போட்டு எழுந்து நின்று, கழுத்தில் கை வைத்து, எங்கள் பெஞ்சை நோக்கி நாலடி வந்தான். என்னைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் ஜெர்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணி எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் பெரிய கத்திரிக்கோலை எடுத்தார். கழுத்துக் கயிற்றிலிருந்து நேராகக் கீழே, மீனின் நடுவில் வெட்ட ஆரம்பித்தார்.

"தையலோரமா வெட்டுங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். உங்களிடம் அதைச் சொன்னவர் அவராகத்தான் இருக்கும்.

ஆம்புலன்ஸ் போனதும் கிடந்த ஜெர்சியை எடுத்துக்கொண்டு துவைக்கும் அறைக்குப் போனேன். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது. குளிர்ந்த தண்ணீர், பத்து நிமிடத்துக்குள். வெதுவெதுப்பாக இருந்தது, கொழகொழவென்று விரலிடுக்கில் ஒட்டியது, செப்புக் காசை முகர்ந்த மாதிரி வாசனை. நாலு தண்ணீர் மாற்றினேன். ஐந்தாவதில் தெளிந்தது. வெளியே லாஃப்லாம் அழுதுகொண்டிருந்தான். என் துண்டில் மூக்கைச் சிந்தினான்.

நாலு பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. நாலு ஐம்பதுக்குப் பேட்சை ஜெர்சித் தோளில் வைத்துப் படம் எடுத்துத் தளத்தில் போட்டேன்.

அது அவசரம். ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் மூன்று மாதமாக அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஐந்து நிமிடத்தில் மார்ஜ் எழுதினாள். "எல்மர், இது அழகு. இப்பத்தான் தோள் நெறஞ்சிருக்கு."

பதினோரு முறை படித்தேன். பிறகு இன்னொன்று வந்தது.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. இந்தத் தையலுக்கு அஞ்சு மணி நேரமாவது ஆகும். அந்தப் புள்ள போயி நாப்பது நிமிஷம்தானே ஆச்சு?"

தொழில் தெரிந்த பொம்பளை. அவள் உங்களுக்குப் போன் பண்ணிவிட்டாள்.

இந்த வாரம் நான் சும்மா இல்லை. டுஃப்ரேன் அழுதுகொண்டே வந்து கேட்டார், எல்லா ஜெர்சியிலும் பதினேழு தைத்துக் கொடு என்று. தைத்துக் கொடுத்தேன். நாளைக்குச் சனிக்கிழமை. முதல் முறையாக ஜெர்சி முழுமையாக இறங்கும். டேனாவை மைதானத்துக்கே கூட்டிவந்து நடுவில் நிற்க வைக்கிறார்களாம். அவளுக்கும் ஒன்று தைத்திருக்கிறேன். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி.

உங்கள் ஆள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார். ஓட வேண்டாம். பட்டைகள் எங்கேயும் போகாது, அவரவர் கொக்கியில்தான் தொங்குகின்றன. ஸ்டெஃபியுடையதை ஆஸ்பத்திரியில் குப்பையில் போட்டுவிட்டார்கள், மீதி எல்லாம் இருக்கிறது. பிரித்துப் பார்க்கும்போது வெள்ளை உறையைக் கிழிக்காமல் தையலை மட்டும் அறுக்கச் சொல்லுங்கள். உள்ளே மஞ்சள் இருக்காது. ஆமாம், நான்தான் எடுத்தேன். தாங்கும் என்று சொன்னதும் நான்தான்.

ஆனால் ஸ்டெஃபியை நான் குறிவைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது அநியாயம். அவன் மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு யார் மேலும் பகையில்லை. அதற்கு அத்தாட்சி நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்த அந்த பிஸ்கட் டப்பாவிலேயே இருக்கிறது. திறந்து எண்ணிப் பாருங்கள். பதினேழு போக மற்ற பத்தொன்பது எண்களுக்கும் ஆளுக்கொன்று தைத்து வைத்திருந்தேன், ஒருவரையும் விடவில்லை.

எட்டு மட்டும், எத்தனை முறை பிரித்துத் தைத்தும் இரண்டு வளைவும் ஒத்துவரவில்லை. அன்றைக்கு நடுவில் வந்தது அவன் கால்தான், கழுத்து இல்லை. லாஃப்லாமுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி.