நடுவுல அளந்து பாக்காதீங்க

— ஏங்க, மூணு நாளா ஒரே பக்கத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. நான் திருத்த இன்னும் நாப்பது பேப்பர் இருக்கு. மேஜையை ஆட்டாம இருங்க.

— இல்ல டீச்சரம்மா, இந்தக் குவாண்டம் கம்ப்யூட்டர் என் வழிக்கு வரமாட்டேங்குது. பதினோரு வருஷமா ரயில் டிக்கெட் சாஃப்ட்வேர் எழுதுறவன் நான். பத்து வரி புரோகிராம் எனக்குத் தண்ணி காட்டுது.

— என்ன பண்ணுது?

— ஒரு க்யூபிட், அதாவது குவாண்டம் கம்ப்யூட்டரோட பிட். சைபர்ல ஆரம்பிக்குது. ஹாடமார்டுன்னு ஒரு கேட் இருக்கு, க்யூபிட்டை மாத்துற கட்டளை மாதிரி. அதைப் போட்டா பாதி தடவை சைபர், பாதி தடவை ஒன்னு. சரி விடு, அது பாடத்துலயே இருக்கு. அதே கேட்டை இன்னொரு தடவை போட்டா மறுபடி சைபரே வரணுமாம். எனக்கு ஆயிரம் தடவை ஓட்டினா ஐந்நூறு தடவை ஒன்னு வருது.

— ரெண்டு கேட்டுக்கும் நடுவுல என்ன எழுதியிருக்கீங்க?

— பெருசா ஒன்னுமில்ல. அங்க என்ன மதிப்பு இருக்குன்னு அளந்து காட்டச் சொல்லி ஒரு வரி. எங்க தப்புன்னு தெரியணும்ல?

— அதை எடுத்துடுங்க.

— அது சும்மா பாக்குற வரிம்மா.

— பாக்குறதுதாங்க தப்பு. அளந்த உடனே சைபரோ ஒன்னோ, ஏதாவது ஒரு பக்கம் விழுந்துடும். அதுக்கப்புறம் ரெண்டாவது கேட் என்ன பண்ணும், பாவம்? திரும்பவும் பாதிப்பாதியா ஆக்கிடும்.

— சரி, எடுத்தாச்சு. ஓட்டுறேன். ஆயிரமும் சைபர்.

— ம்.

— நீ பேனாவைக்கூட கீழ வைக்கல.

— காலேஜ்ல படிச்சதுதான்.

— காலேஜ்ல நீ படிச்சது ஃபிசிக்ஸ். என் கோட்ல நடுவுல ஒரு வரி இருக்கும்னு எப்படித் தெரிஞ்சுது?

— நானும் அதே தப்பைப் பண்ணினேன். ஜூன் மாசம்.

— நீ எதுக்குக் கோட் எழுதின?

— கத்துக்கத்தான். ஸ்டாஃப் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடக்கு.

— சொல்லவே இல்லையே.

— நீங்க கேக்கலையே.

— சரி விடு. நாளைக்கு அந்தக் குவாண்டம் வேலை இன்டர்வியூல இதைக் கேட்டா வெளுத்துக் கட்டிடுவேன். இருக்கறது ஒரே ஒரு இடம். மார்ச்சோட எங்க டீமைக் கலைக்கிறாங்க, இது கிடைச்சாகணும். காலையில ஸ்கூலுக்குப் போறப்ப என்னை அங்க இறக்கி விட்டுடு. எனக்குப் பதினோரு மணிக்குத்தான், இருந்தாலும் முன்னாடியே போயிடறேன்.

— நாளைக்கு நான் லீவு போட்டிருக்கேங்க.

— ஏன், உடம்பு சரியில்லையா?

— உடம்புக்கு ஒன்னுமில்ல. சேர்ந்தே போகலாம். அதே வேலைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க, பத்து மணிக்கு.